கிணற்றில் விட்ட கட்டாமை

காசிமாயன் எனக்கு மாமனாராகியிருக்க வேண்டியவர். ஆகாமல் போனதற்கு ஓர் ஆமைதான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். ஆமையின் மேல் பழியைப் போடுவது சுலபம். அது வாய் திறந்து மறுக்கப் போவதில்லை. உண்மையில் காரணம் நான்தான். அதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்கு யோக்கியதை கிடையாது.

உசிலம்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய ஊர் அவருக்கு. தொழில், கிணறுகளில் தூர் வாருவது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, சேற்றையும் உடைந்த பானை ஓட்டையும் கூடை கூடையாக மேலே அனுப்ப வேண்டும். மேலே நின்று கயிறு பிடிப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இறங்கியவர் ஏறி வரும்வரை யாரோடும் பேசக் கூடாது, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. காசிமாயனுக்குக் கயிறு பிடித்தவர் கருப்பு என்கிற பங்காளி. வேறு எவர் கையிலும் அவர் லேசில் கயிற்றைக் கொடுக்க மாட்டார்.

எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரில் புழு வைத்தால் ஓர் ஆமையைப் பிடித்து உள்ளே விடுவார்கள். குளத்து ஆமை என்றால் சரி, அது புழுவைத் தின்றுகொண்டு பல வருஷம் இருக்கும். எங்கள் வறண்ட பூமியில் குளத்து ஆமைக்கு எங்கே போவது? பாறைக் குன்றான கரட்டில் புதருக்குள் திரிகிற கட்டாமைதான் கைக்கு அகப்படும். முதுகில் மஞ்சள் கோடு கோடாக, பார்க்க லட்சணமாக இருக்கும். அது தரையில் வாழ்கிற பிராணி, தண்ணீரில் பிழைக்காது. ஆமை என்றாலே தண்ணீர்தான் என்று நினைத்து அதைக் கிணற்றில் போட்டுவிட்டு, புண்ணியம் செய்துவிட்டதாகப் பெருமைப்படவும் செய்வார்கள்.

காசிமாயனும் அப்படிப் போட்டவர்தான். கல்யாணமான புதிது, 1920 வாக்கில். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார் என்று கரட்டிலிருந்து ஒரு கட்டாமையைத் தூக்கி வந்து கிணற்றில் விட்டார். நாலு நாள் உள்ளேயிருந்து பிராண்டும் சத்தம் கேட்டது. ஆமை விளையாடுகிறது என்றார்கள், இவரும் நம்பினார். ஐந்தாம் நாள் சத்தம் நின்றது. தண்ணீர் நாறத் தொடங்கியதும் இவரையே இறங்கச் சொன்னார்கள். செத்த ஆமையைக் கையில் எடுத்துப் பார்த்தால், கால்களில் நகமே இல்லை. கல்லைப் பிராண்டிப் பிராண்டி அத்தனையும் தேய்ந்து சதை தெரிந்தது.

“அதுக்கப்புறம் ஒரு மாசம் சோறு எறங்கல மாப்ள. அம்புட்டு நாளும் அது வெளையாடல, என்னையத்தான் கூப்புட்டிருக்கு.” பெண் கேட்டுப் போவதற்குக் கொஞ்சம் முன்னால், உசிலம்பட்டிச் சந்தையில் வைத்து என்னிடம் இதைச் சொன்னார். சொல்லும்போது தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எந்தக் கிணற்றில் இறங்கினாலும் கட்டாமை கிடக்கிறதா என்று முதலில் பார்ப்பார். கிடந்தால் எடுத்து, தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வடிய விட்டு, எந்தக் கரட்டில் பிடித்தார்கள் என்று கேட்டு அங்கேயே கொண்டுபோய் விடுவார். காலைத் தூக்கிக் காட்டி வித்தியாசம் சொல்வார். விரலுக்கு நடுவில் தோல் இருந்தால் குளத்து ஆமை, உலக்கை மாதிரி இருந்தால் தரை ஆமை. வளர்க்கிறேன் என்று யாராவது கேட்டால் எரிந்து விழுவார். “அதுக்கு வீடு முதுகிலேயே இருக்கு. ஒம் வீடு எதுக்கு?”

அப்படிச் சொன்னவரும் ஒன்றே ஒன்றை வளர்த்தார். மாட்டு வண்டிச் சக்கரம் ஏறி ஓடு விரிசல் விட்டு, முன்னங்கால் ஒன்றை இழந்த கட்டாமை அது. விரிசலில் தேன்மெழுகை வைத்து அடைத்துப் பிழைக்க வைத்தார். காட்டில் விட்டால் நரிக்குத்தான் இரை. கொல்லையில் முள்வேலி போட்டு, நிழலுக்கு ஒரு புதரை விட்டு, மூழ்காத அளவுக்கு உடைந்த பானை ஓட்டில் தண்ணீர் வைத்தார். அருகம்புல்லும் பூசணிப் பூவும்தான் சாப்பாடு. யாரும் சோறு போடக் கூடாது. மொண்டி என்று பெயர். ஆமை புகுந்த வீடு விளங்காது என்று ஊரே பயந்தது. அவர் மனைவி சீனியம்மாள், அது கொல்லையைத் தாண்டி வாசற்படி ஏறவில்லை என்று சொல்லிச் சொல்லியே பதினோரு வருஷத்தை ஓட்டினாள்.

1938 வைகாசியில் அவர் மகள் முத்துத்தாயைப் பெண் கேட்டு நாங்கள் போனோம். நான் தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. என்னோடு அம்மா ராமக்காள், பெரியப்பா பேயாண்டி. பெரியப்பா வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். காசிமாயன் வெற்றிலை பாக்கு வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். வந்ததும் எங்களைக் கும்பிட்டுவிட்டு, கை கால் கழுவக் கொல்லைக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. அவர் குரல்தான் கேட்டது.

“மொண்டிய எங்க?”

சீனியம்மாள் அழுதுகொண்டே சொன்னது கூடத்தில் இருந்த எங்களுக்கும் கேட்டது. “நான் கொல்லல. வந்தவுக கண்ணுல படக் கூடாதுன்னு கெணத்துத் தண்ணியிலதான விட்டேன். அது பொழைச்சுக்கிரும்.”

நாங்கள் எழுந்து போய்ப் பார்த்தோம். கிணற்றுக்குள்ளிருந்து கர், கர் என்று பிராண்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. காசிமாயன் கூடையை இறக்கிப் பார்த்தார். மூன்று காலை வைத்துக்கொண்டு அது எப்படி ஏறும்? கருப்பு அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். காசிமாயன் கயிற்றை இடுப்பில் கட்டி, கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, மறு நுனியை என்னிடம் நீட்டினார்.

“மாப்ள, கயித்தப் பிடிங்க.”

நான் கை நீட்டினேன். இது சத்தியம். “ஏலே, தொடாத!” என்றார் பெரியப்பா. “ஆமை வளத்த வீடுன்னு எவனும் நம்மகிட்டச் சொல்லலயே!” என் கை பின்னால் போயிற்று. இன்றைக்கும் அந்தக் கையை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

காசிமாயன் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கயிறு பிடிக்க ஆள் தேடுகிறவராகச் சுற்றிலும் பார்த்தார். எங்கள் முன்னால் அதுவரை வராதிருந்த முத்துத்தாய், புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கயிற்றை வாங்கினாள். “எறங்குங்கப்பா” என்றாள். அதற்குமேல் பேசவில்லை. பெரியப்பா திட்டினார், அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கண்ணைக் கயிற்றிலிருந்து எடுக்கவே இல்லை. மொண்டியைத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏறி வந்தபோது, நாங்கள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தோம். வெற்றிலைத் தட்டு அப்படியே இருந்தது.

நான் வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டேன். முத்துத்தாயைக் கேட்டு அதன் பிறகு யாரும் போகவில்லை என்று காதில் விழுந்தது. போகாததற்கு நாங்கள் பரப்பிய பேச்சே போதும்.

1944இல் தல்லாகுளத்தில் நான் குடியிருந்த வீட்டுக் கிணற்றில், வீட்டுக்காரர் துளசிராம் கொசுப் புழுவுக்காக ஓர் ஆமையை விட்டார். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் கோடு. தண்ணீர் மட்டத்தில் ஒரு கல்லைத் தொற்றிக்கொண்டு பிராண்டிக்கொண்டிருந்தது. கூடையை இறக்கினேன், அது ஏறவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. உசிலம்பட்டி பஸ்காரரிடம் காசிமாயனுக்குச் சொல்லி அனுப்பினேன். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்?

மறுநாள் மதியம், யுத்தத்தால் பெட்ரோல் இல்லாமல் கரிப் புகையில் ஓடிய பஸ்ஸில் வந்து இறங்கினார். நன்றாக நரைத்துவிட்டது. கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் முத்துத்தாய். கழுத்தில் தாலி இல்லை.

“கருப்பு போய்ச் சேந்துட்டான் மாப்ள” என்றார்.

இத்தனைக்குப் பிறகும் மாப்ள. “இந்தத் தடவை நான் பிடிக்கிறேன் மாமா” என்று கயிற்றுக்குக் கை நீட்டினேன்.

“இருக்கட்டும் மாப்ள. எம் மக பிடிச்சுப் பழகிட்டா.”

குத்திக் காட்டவில்லை. தொழில் தெரிந்தவர் உள்ளதைச் சொன்னார். அவள் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக் காலை ஊன்றி நின்றாள். அவர் தலை மறைந்ததும், “நல்லா இருக்கியா தாயி?” என்று கேட்டேன். அவள் கண் கயிற்றில் இருந்தது. கயிறு பிடிப்பவர் பேசக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அதனால் காத்திருந்தேன்.

ஆமையோடு அவர் ஏறி வந்தார். முத்துத்தாய் கயிற்றைச் சுருட்டினாள், ஆமையை வாங்கித் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வடிய விட்டாள், ஈரத் துண்டைப் பிழிந்து அப்பாவிடம் கொடுத்தாள். என் கேள்விக்கு அப்போதும் அவள் பதில் சொல்லவில்லை.