வெங்காயம் விற்கிற குரல்

“இந்தத் தொண்டைய வச்சிக்கிட்டு வெங்காயந்தாம்மா விக்கலாம்.”

பெரம்பலூரில் நான் படித்த கல்லூரியில் கலைக்குழுவுக்குப் பொறுப்பாக இருந்த சார் என்னிடம் சொன்னது இது. ஆண்டு விழாவில் பாடுவதற்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் குரல் அப்படித்தான். கட்டைக் குரல். மேலே ஏறினால் தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு சேர்ந்துகொள்ளும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். கல்லூரியில் எடுத்தது இயற்பியல். யார் எதைச் சொன்னாலும் செய்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று அந்தப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தது. ஆகவே வெங்காயம் விற்றுப் பார்த்தேன்.

எங்களுக்குச் செட்டிகுளம் பக்கம். சின்ன வெங்காயம் விளைகிற மண். பிடுங்கிய காயை வயலோரம் பட்டறை போட்டுக் காய வைப்பார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, குட்டியானை வண்டியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர், பாடாலூர், அரியலூர் என்று தெருத் தெருவாகப் போவார். வண்டி மேல் ஒரு ஸ்பீக்கர். அதில் அவரே பேசிப் பதிவு செய்த குரல். சளி பிடித்திருந்த நாளில் பதிந்துவிட்டார் போல, யாரோ காலமானதை அறிவிக்கிற மாதிரி இருக்கும். அதை அழித்துவிட்டு அவர் போனில் நான் பேசினேன்.

“சின்ன வெங்காயம்… செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம்… பட்டறையில காய்ஞ்ச காயி, தோலு சிவந்த காயி… அம்மா வாங்க, அக்கா வாங்க…”

‘வெங்காயம்’ என்கிற இடத்தில் குரலை மேலே தூக்கி, கரகரப்போடு கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்தி, பிறகுதான் இறக்குவேன். வண்டி தெருமுனை திரும்புவதற்கு முன்பே பெண்கள் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள் என்று மாமா சொன்னார். கூலியாக நான் கேட்டது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சார் வீட்டுக்கு முன்னால் வண்டி கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும். நின்றது. சாரின் மனைவி வாடிக்கைக்காரர் ஆகிவிட்டார். ஒருநாள் சார் லுங்கியோடு வெளியே வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். குறைக்கிற பட்டன் கெட்டுப்போய்விட்டது என்று மாமா முகம் மாறாமல் சொல்லிவிட்டு வந்தார்.

அப்போதுதான் டிவியில் அந்த அறிவிப்பு வந்தது. சென்னையில் ஒரு ராக் பேண்டு. அதில் பாடிக்கொண்டிருந்தவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்குப் போட்டி வைத்து ஆள் எடுக்கிறார்கள், ஜெயிப்பவர்தான் இனி அந்த பேண்டின் குரல். விளம்பரத்தில் அவர்கள் வாசித்ததைக் கேட்டேன். டிரம்ஸும் கிட்டாரும் மோதுகிற அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் கரகரப்பு ஒரு குறையாகவே தெரியாது என்று பட்டது. அந்த இடம் எனக்கு வேண்டும். அதற்கு முன் எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அம்மாவுக்குத் தெரிந்த பேண்டு ஒன்றே ஒன்றுதான். அரியலூரிலிருந்து சிவப்புக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து ஊதுகிற பேண்டு செட்.

“ஏண்டி, ஒன்னய படிக்க வச்சது சாவு வூட்டு முன்னாடி ஊதிக்கிட்டுப் போறதுக்கா?”

இது வேற பேண்டு, இதில் கிட்டார் வாசிப்பார்கள், நான் உரக்கக் கத்திப் பாட வேண்டும் என்று விளக்கினேன். கத்துவதற்கு எதற்கு மெட்ராஸ் வரைக்கும் போக வேண்டும் என்று அம்மா கேட்டாள். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிற அப்பா, வாரக் கடைசியில் வந்தவர், போய்ட்டு வரட்டுமே என்றார். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

முதல் தேர்வு திருச்சியில். எனக்கு முன்னால் பாடியவர்கள் எல்லாரும் நல்ல குரல்காரர்கள். டிரம்ஸ் ஆரம்பித்ததும் அந்த நல்ல குரல்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பதிவு செய்யும்போது வண்டி எஞ்சினை அணைக்கிற பழக்கம் மாமாவுக்குக் கிடையாது. என்னுடையது எஞ்சினை மிதித்து ஏறிய குரல். பாடி முடித்ததும், அந்த பேண்டின் குடுமி போட்டிருந்த கிட்டார்காரர் நிமிர்ந்து, எங்கே பாடிப் பழகினீர்கள் என்று கேட்டார். “வண்டியிலங்க” என்றேன். அது ஏதோ ஒரு பேண்டின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, கேள்விப்பட்டிருக்கிறேன் என்று மரியாதையாகத் தலையாட்டினார். நான் திருத்தவில்லை.

சென்னையில் சுற்றுச் சுற்றாகத் தாண்டி, கடைசி மூன்று பேரில் ஒருத்தியாக வந்துவிட்டேன். உடனே டிவிக்காரர்கள் வீட்டைப் படம் பிடிக்க ஊருக்கே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு எங்கள் வீடு பிடிக்கவில்லை. கேஸ் அடுப்பை மறைத்துவிட்டு விறகில் சமைக்க முடியுமா என்று கேட்டார்கள். கூலிங் கிளாஸ் போட்ட இயக்குநர் தம்பி, பட்ட கஷ்டங்களைச் சொல்லி அம்மா கொஞ்சம் அழுதால் நன்றாக இருக்கும் என்றார்.

“கஷ்டமெல்லாம் இருந்துச்சு தம்பி. இப்ப நல்லாத்தான இருக்கோம், எதுக்கு அழுவணும்?” என்றாள் அம்மா.

ஒப்பந்தத்தை நான் எல்லாப் பக்கமும் படித்திருக்கிறேன், அதில் அழ வேண்டும் என்று எங்கேயும் இல்லை என்று நானும் சொல்லி வைத்தேன். அவர்கள் வாசலில் கூடி நின்று யோசித்தார்கள். அவர்களுக்காகக் காத்திருந்தால் வேலை கெட்டுப்போகும் என்று அம்மா அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் குழம்பு வைக்க ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயம். பாதி முறம் ஆவதற்குள் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. கேமராக்காரர் ஓடி வந்தார். முகத்துக்கு மட்டும் வைத்தார், முறம் தெரியாமல்.

டிவியில் அது வந்தபோது ஊரே எங்கள் வீட்டில் இருந்தது. பின்னணியில் வயலின் இழுத்தார்கள். மகளை நினைத்து ஒரு தாய் சிந்தும் கண்ணீர் என்று எழுத்து ஓடியது. அது எந்த வயல் வெங்காயம் என்றுகூட எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதப் பாத்தா எனக்கே அழுவ வருது” என்றாள்.

கடைசிச் சுற்றில் சொந்தப் பாட்டு பாட வேண்டும். என்னிடம் சொந்தமாக இருந்தது ஒன்றுதான். கிட்டார்காரரிடம் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தேன். சின்ன வெங்காயம், செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம். முன்வரிசை சிரித்தது. இரண்டாவது முறை டிரம்ஸ் சேர்ந்தது. மூன்றாவது முறை நான் மேலே தூக்கி நிறுத்தியபோது முன்வரிசையும் எழுந்து வெங்காயம் என்று கத்தியது. கிட்டார்காரர் என் பக்கம் திரும்பி, “வண்டியா?” என்று உதட்டை அசைத்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இடம் எனக்குக் கிடைக்கவில்லை. எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற குரல் உள்ள ஒரு சென்னைப் பையனுக்குக் கிடைத்தது. மேடைக்குப் பின்னால் கிட்டார்காரர் வந்தார். ஆறுதல் ஏதாவது சொல்லுவார் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

“தப்பா நினைக்காதீங்க. உங்க குரல் மேல போறப்ப என் கிட்டார் எனக்கே கேக்கல. உங்களுக்குப் பித்தளை வேணும். ட்ரம்பெட் மாதிரி ஊதுற ஆளுங்க.”

ஊருக்கு வரும் பஸ்ஸில் அழுதேன். பாடாலூர் வரைக்கும் அழுகை நிற்கவில்லை. படம் பிடிக்க அப்போது யாரும் இல்லை. வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: “அந்த பேண்டு போனா போவுது. ஊர்ல வேற பேண்டே இல்லியா?”

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. பித்தளை. சிவப்புக் கோட்டு.

மறுநாளே அரியலூர் போனேன். பேண்டு செட் கடையில் ட்ரம்பெட்டுகள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. மாஸ்டர் என்னை டிவியில் பார்த்திருந்தார். கல்யாணத்துக்கு மட்டும் வருவேன், சாவுக்கு வர மாட்டேன் என்கிற ஆள் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னார். இரண்டுக்கும் வருவேன் என்றேன். ட்ரம்பெட்காரர்கள் எல்லாரையும் சேர்ந்து ஊதச் சொன்னார். அதற்கு மேலே நான் ஏறி நின்றதும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

கோட்டு ஆண்களுக்குத் தைத்தது. அம்மாதான் கையைப் பிரித்துச் சுருக்கிக் கொடுத்தாள், சாவு வீட்டைப் பற்றி வாயைத் திறக்காமல். செட்டுக்குப் புதிதாக விசிட்டிங் கார்டு அடித்திருக்கிறார்கள். அதில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. இயற்பியல் என்று போட வைத்தேன்.

முதல் நிகழ்ச்சி இந்த ஞாயிற்றுக்கிழமை, பெரம்பலூரில் மாப்பிள்ளை அழைப்பு. சார் வீட்டுத் தெரு வழியாகப் போகுமா என்று விசாரித்தேன். போகாதாம். கொஞ்சம் சுற்றிப் போனால் போகும். பெண் வீட்டாரிடம் பேசி, சுற்றிப் போவதற்குச் சம்மதம் வாங்கிவிட்டேன்.