போனிடம் ‘ஓம்’ சொன்ன கதை

இன்று இறக்காமத்தில் நண்பரின் மகளுக்கு நிக்காஹ். இரண்டு சாட்சிகளில் நான் ஒருவன். நான் போய்ச் சேராமல் காரியம் நடக்காது.

மகளுக்கென்று அவர் கட்டிய புது வீட்டுக்கு எனக்கு வழி தெரியாது. சம்மாந்துறை தாண்டியதும் வயல் நடுவே பாதை இரண்டாகப் பிரிந்தது.

"சேர், எந்தப் பக்கம்?" என்றார் ஓட்டோ ஓட்டிய காரைதீவு மோகன்.

நண்பர் அனுப்பிய லொகேஷனைப் போனில் தொட்டேன். நான் பெரிதும் நம்பும் தேடல் நிறுவனத்தின் பெண்குரல், "வழிகாட்டலைத் தொடங்கவா?" என்று மரியாதையாகக் கேட்டது.

"ஓம்," என்றேன், எங்கள் ஊரில் சம்மதம் சொல்லும் வழக்கப்படி.

தம்புராவோடு ஓங்கார தியானம் தொடங்கியது.

நிறுத்தினேன். திரும்பவும் அதே கேள்வி. "ஓம், ஓம்!" என்றேன். இம்முறை மணியும் சேர்ந்தது.

மோகனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சேர், நிக்காஹ்வுக்குப் போறமா, நம்மட கோயிலுக்குப் போறமா?"

"இஞ்ச பாருங்க," என்றார் பக்கத்தில் இருந்த மனைவி, "சோதினைத் தாள்ல எழுதுற மாதிரிச் சொல்லிப் பாருங்க."

"ஆம்," என்றேன். தமிழ் படிப்பித்த காலத்தில்கூட அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேனே தவிர, யாரிடமும் சொன்னதில்லை. உடனே வழி வந்தது.

நண்பர் வீட்டார் வாசலிலேயே காத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் பதிவாளர், "சேர், சாட்சிக்குச் சம்மதம்தானே?" என்றார்.

"ஆம்!" என்றேன், உரக்க, திருத்தமாக.

சபையே திரும்பிப் பார்த்தது. "என்ன சேர், நாடகமா? ஓம் எண்டு சொல்லுங்க," என்றார் பதிவாளர்.

சட்டைப்பையில் இருந்த போனைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

உங்கள் போனுக்கு எந்த ஊர்த் தமிழ் விளங்குகிறது?