கம்பி பேசவில்லை

ஜுபைதாவின் கணவர் போன் செய்தபோது நான் நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தேன். "சார், ஜுபைதா மௌத்தாயிட்டா. காலைல நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." எனக்கு முதலில் வந்தது கோபம். பாதி வேலையை என் தலையில் கட்டிவிட்டு இப்படிப் போவதா?

எங்கள் ஆய்வகத்தில் ஜுபைதாவோடு வேலை பார்த்த நண்பர்களே, உங்களுக்கு அந்தப் பாதி வேலை தெரியும்; தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தலைமுடியை ஆயிரம் கூறாக வகிர்ந்தால் ஒரு கூறு என்ன கனம் இருக்குமோ, அதுதான் எங்கள் நானோ கம்பி. அதைத் தங்கப் பட்டைகளின் மேல் கிடத்தி மின்தடையை அளக்க வேண்டும். இரண்டு முனைகளில் மட்டும் இணைத்தால் இணைப்பின், அதாவது கான்டாக்டின், தடையும் சேர்ந்துகொள்ளும். நான்கு இடங்களில் இணைத்தால்தான் கம்பியின் தடை தனியாகத் தெரியும். நான்கில் ஒன்று எப்போதும் கழன்றுகொள்ளும். வருடக்கணக்காக இதே பேஜாரு. ஒருநாள் இரண்டு முனை அளவு அழகான நேர்கோடாக வந்தது. போதும், எழுதிவிடலாம் என்று கெஞ்சினேன். "இன்னா சார் அவசரம்? கம்பி எங்க பேசுது? கான்டாக்ட்தான் பேசிகினு கீது" என்று ஜுபைதா திரையை அணைத்துவிட்டார்.

ஒரே ஒருமுறை நான்கு இணைப்பும் பிடித்தன. வெளியே மாமல்லபுரத்துக் கடல் காற்று கசகசவென்று இருக்கும். உள்ளே ஏசி எல்லாவற்றையும் காயவைக்கும். கல்யாண வீட்டிலிருந்து நைலான் துப்பட்டாவோடு நேரே வந்த ஜுபைதா, அளக்கும் முன்பே கம்பி இருந்த சில்லை ஆசையாகத் தொட்டார். காய்ந்த காற்றில் உரசித் துணியில் ஏறியிருந்த மின்சாரம் பாய்ந்து கம்பி எரிந்துபோனது. "நானே கொன்னுட்டேன் சார்" என்று உட்கார்ந்து அழுதார். அதன் பிறகு, உடம்பிலுள்ள மின்சாரம் தரைக்கு இறங்கும்படி எர்த் கொடுத்த இரும்புத் தகட்டைத் தொடாமல் யாரையும் மேசை அருகே விட்டதில்லை.

போன வாரம் இரங்கல் கூட்டத்தில் துறைத் தலைவர், "அந்த ரெண்டு முனை ரிசல்ட்டையே மேடம் பேர்ல போட்டுடலாம். ஒரு மரியாதையா இருக்கும்" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஜுபைதா வேண்டாமென்று அணைத்த எண்ணை அவர் படத்துக்கே மாலையாகப் போடுவதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. எங்கள் கம்பியின் மின்தடை எவ்வளவு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஜுபைதாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம் மட்டும்தான். கூட்டம் நடந்த அன்று மாலை கேளம்பாக்கத்தில் அவர் வீட்டுக்கு மறுபடி போனேன். வாசலில் பள்ளிச் சீருடையில் அவர் மகள் நின்றிருந்தாள். அவள் தலையைத் தடவ நீண்ட என் கை, முதலில் தானாகவே இரும்பு கேட்டைத் தொட்டது. அவள் அதைப் பார்த்தாள்.

"அம்மாவும் இப்டித்தான் அங்கிள்" என்றாள். "கேட்ட தொட்டுட்டுதான் எங்கள தொடும்."