ரத்தக் கஞ்சர்

கைகழுவிக் கையுறை மாட்டிக்கொள்வதற்கு முன்னால் அவர் நோயாளியின் பாதத்தை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிடுவார். சில்லென்றிருந்தால் போச்சு. ஏசியைக் குறை, போர்வையை மேலே இழு, நரம்பில் ஏற்றும் திரவத்தைச் சூடாக்கு என்று அறையில் ஒருவரையும் சும்மா நிற்கவிட மாட்டார். “உடம்பு குளிர்ந்துட்டா ரத்தத்துக்கு உறையறதுல சோம்பேறித்தனம் வந்துடும் சிஸ்டர். நமக்கு வேர்த்தா தொடைச்சுக்கலாம்” என்பார்.

இடுப்பெலும்பு முறிந்து வரும் வயதானவர்களுக்கு அறுவை செய்வது அவர் வேலை. ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்த பெயர் ‘கஞ்சர்’. எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள் என்பதால் அல்ல; கேன்டீனில் பத்துப் பேருக்கு டீ சொல்லிவிட்டு எழுந்து போகிறவர் அவர். கஞ்சத்தனமெல்லாம் ரத்தத்தில் மட்டும்தான். “வீட்ல குழாயை மூடத் தெரியாது. அங்க போய் ஒரு சொட்டு சிந்தினா உசிரே போயிடும்” என்பது அவர் மனைவியின் புகார்.

முழங்கால் என்றால் தொடையில் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டு வேலை பார்க்கலாம். இடுப்பில் எங்கே கட்டுவது? அதனால் கத்தி படுவதற்கு முன்பே, உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் பிடித்துவைக்கும் மருந்து நரம்பில் ஏறியாக வேண்டும். “போட்டாச்சா?” என்று கேட்பார். “போட்டாச்சு” என்றால், “யார் பார்த்தது?” என்பார். அறுக்கிற நேரத்தில் ஓரமாக ஒரு பொடி ரத்தக்குழாய் கசிந்தாலும் அதைச் சுட்டு அடைக்காமல் அடுத்த அடுக்குக்குப் போக மாட்டார். “சின்னப் பசங்களுக்குப் போனா ஊறிடும். இவங்களுக்கு ஊறாது. ரத்தம் குறைஞ்சா தலை சுத்தும், எழுந்திருக்க மாட்டாங்க. படுத்துட்டா கதை முடிஞ்சுது.”

அவரிடம் இன்னொரு பழக்கம், விசாரணை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி வீட்டுக் கதை முழுவதையும் கேட்பார்.

போன மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு வந்தார். துணைக்கு அவருடைய அக்கா. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தது. ஆனால் டீச்சரின் முன்கையில் இருந்த திட்டுகள் டாக்டரின் கண்ணை உறுத்தின. சில நீலம், சில பச்சை, சில பழுத்து மஞ்சளாகியிருந்தன. ஒரே தடவை விழுந்தவருக்கு எப்படி இத்தனை நிறம்?

“லேசா இடிச்சாலே கன்னிப்போகுதுப்பா” என்றார் டீச்சர். “மாத்திரையா? எனக்கு ஒண்ணும் கிடையாது. அக்காதான் மாத்திரையும் கையுமா இருப்பா.”

டாக்டர் ஸ்டூலை அக்கா பக்கம் திருப்பினார். “ரெண்டு பேரும் ஒரே வீடா?”

“என் வீட்டுக்காரர் போனதிலேருந்து. அவ சமையல், நான் பாத்திரம். எது வந்தாலும் பாதி பாதிதான்.”

“மாத்திரையுமா?”

அக்கா கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: “எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சப்போ, ரத்தம் கட்டாம இருக்கணும்னு குடுத்தாங்க. இவளுக்கும் வயசாகுதேன்னு, எனக்குப் பாதி இவளுக்குப் பாதியா… பால்ல கரைச்சுக் குடுத்துடுவேன். சொன்னா சாப்பிட மாட்டா.”

“அதான் கசந்துதா?” என்றார் தங்கை படுக்கையிலிருந்து. “பால் கெட்டுப்போச்சுன்னு நான் கடைக்காரரோட சண்டையில்ல போட்டேன்.”

அக்கா டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். “நானே அவளுக்கு எமனாயிட்டேனாப்பா?”

“சொல்லிட்டீங்களே, அது போதும். தெரியாம கத்தி வெச்சிருந்தாதான் வம்பு. பாதி மாத்திரையில நீங்க இத்தனை நாள் தப்பிச்சதே பெருசு. இன்னைக்கே உங்க இதய டாக்டரைப் பாருங்க.”

மயக்க மருந்து டாக்டர் தயங்கினார். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வது இனி ஆபத்து, தண்டுவடத்தருகே ரத்தம் கசியலாம். முழு மயக்கம்தான் கொடுக்க வேண்டும். “அஞ்சாறு நாள் தள்ளிப்போட்டா மாத்திரை வேகம் போயிடும் சார்.”

“அதுவரைக்கும் ஒடஞ்ச எலும்பு உள்ள கசிஞ்சுக்கிட்டே கெடக்கும். இவங்களும் படுத்தே கெடப்பாங்க. நாளைக்குக் காலைல முடிச்சுடுவோம். ரத்தப் பைய மட்டும் தயாரா வெச்சுக்கங்க.”

மறுநாள் அவர் எறும்பு ஊர்வது போல வேலை செய்தார். ரத்தத்தில் நனைந்த துணிகளை எடைபோட்டு, எவ்வளவு போயிருக்கிறது என்று சிஸ்டர் சொன்னபோது அவர் புருவம் இறங்கியது. பயந்த அளவுக்கு இல்லை. தையல் முடியும்வரை ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் டீச்சரின் தொடை வீங்கியிருந்தது. முகம் காகிதமாக வெளுத்திருந்தது. வெளியே சிந்தாத ரத்தம் உள்ளே தேங்கியிருந்தது. பரிசோதனை முடிவைப் பார்த்தபடி அவர் நின்ற நிலையைக் கண்டு சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்: “ஒரு பை ஏத்திடலாமா சார், இல்ல சாயந்திரம் வரைக்கும் பாக்கலாமா?”

“ஏத்துங்க. கஞ்சனா இருக்கறது வேற, பட்டினி போடறது வேற.” சொன்னாரே தவிர, அன்று முழுவதும் தோற்றுப்போனவர் போல நடமாடினார்.

அதற்கடுத்த நாள் டீச்சர் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். முதல் அடி வைக்கும்போது, “கோணலா வெக்காதடி” என்று அக்கா அதட்டினார். பிறகு டாக்டரிடம் திரும்பினார்.

“நேத்து ஏத்தினீங்களே, அது யாரோட ரத்தம்பா?”

“தெரியாதும்மா.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“அதுவும் தெரியாது.”

“எங்க வீட்டுப் பால் வரைக்கும் விசாரிச்சீங்க. இத கேக்காம விட்டுட்டீங்களே.”

டாக்டர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, தன் அறைக்குப் போகாமல் கீழ்த்தளத்து ரத்த வங்கிக்கு இறங்கிப் போனார்.

“என்ன க்ரூப் சார்? எத்தனை பை எடுத்து வைக்கட்டும்?” என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

அவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். இடக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஓரத்தில் கிடந்த கட்டிலில் ஏறிப் படுத்தார்.