லண்டனில் ஒருவருக்கு மட்டும் இருந்த பெயர்

வெம்பிளியில் எங்கள் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். குடும்பப் பெயர்கள் மூன்று. அப்பாவின் பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் பெயர் வரும். அம்மாவுக்கும் எனக்கும் பின்னால் அப்பாவின் பெயர். எங்களோடு தங்கியிருந்த சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, தன் அப்பாவின் பெயரை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. எங்கள் தபால்காரர்தான் இது அறை அறையாக வாடகைக்கு விடும் வீடு என்று முடிவு கட்டியிருந்தார்.

அம்மாவின் பாடுதான் திண்டாட்டம். கணவனின் பெயரை வாயால் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவர் அவர். இந்த நாட்டிலோ அந்தப் பெயரே அவருடைய பெயராகவும் ஆகிவிட்டது. வைத்தியரிடம் போனால் வரவேற்பில் இருக்கும் பெண் பெயரைக் கேட்பாள், அம்மா என்னைப் பார்ப்பார், நான் சொல்வேன். எனக்கு அப்பாவின் பெயரைக் கேட்டுப் பழகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் எல்லோரையும் குடும்பப் பெயரால் கூப்பிடுபவர். அப்பாவின் பெயரைச் சொல்லி, சோம்பேறித்தனத்தை விட்டுவிட்டு ஓடு என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். அதை வீட்டில் வந்து சொன்னேன். நல்ல புத்திதானே சொல்கிறார் என்றார் அப்பா.

அப்பா ஓர் அச்சகத்தில் வேலை செய்தார். ஆனால் வெம்பிளியில் அவருக்கு இருந்த மரியாதை அதனால் வந்ததல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் முன்னறையில் ஆட்கள் விண்ணப்பங்களோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். கவுன்சில் வீடு, பெனிபிட் பணம், விசா, பிள்ளையின் பள்ளிக்கூடம் எதுவானாலும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை வாசிப்பார், எழுதுவார், பிறகு இன்னொரு தடவை வாசிப்பார். காசு வாங்கமாட்டார், தேத்தண்ணியும் அம்மாதான் கொடுக்க வேண்டும். "என்ரை கையால போன ஒண்டும் பிழையெண்டு திரும்பி வந்ததில்லை" என்று சொல்வதுதான் அவருக்குக் கூலி. அதை அவர் அடிக்கடி வசூலித்துக்கொள்வார்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது சித்தி ஓர் அமெரிக்கரைக் கல்யாணம் செய்தார். சித்தி மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். ரயில் சுரங்க வேலைக்காக லண்டனுக்கு வந்திருந்த எஞ்சினியர் ஒருவர் இருமல் மருந்து வாங்க வந்தார். பெயர் கேட்டதும், கேட்காமலே எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் சித்தி அதைச் சரியாக எழுதிவிட்டாராம். பிறந்ததிலிருந்து தன் பெயரை முதல் தடவையிலேயே சரியாக எழுதிய வேற்று ஆள் சித்திதான் என்று அவர் எங்கள் வீட்டு மேசையில் சொன்னார். இதற்காகவா கல்யாணம் செய்வார்கள் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். இதைவிட அற்ப காரணங்களுக்கும் செய்திருக்கிறார்கள் என்றார் அம்மா.

அந்தப் பெயர் தெர்வெல்டிங்க். முன்பெயர் மார்ட்டின். சித்தப்பா இடியப்பத்தைக் கையால் பிசையப் பழகிக்கொண்டே தன் பெயரின் கதையைச் சொன்னார். நெதர்லாந்தின் கிழக்குப் பக்கத்தில் முற்காலத்தில் பெயர் ஆட்களுக்கு இல்லை, பண்ணைகளுக்குத்தான். எந்தப் பண்ணையில் வாழ்கிறார்களோ அதுவே அவர்களுடைய பெயர். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவியின் பண்ணைக்குக் குடிபோனால் தன் பழைய பெயரை வாசலிலேயே விட்டுவிட்டு அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வானாம். சித்தப்பாவின் மூதாதை ஒருவர் அப்படித்தான் தெர்வெல்டிங்க் ஆனார்.

"சீதன வீட்டுக்குப் போனவர். எங்கடை ஆக்கள் மாதிரித்தான்" என்றார் அம்மா. சித்தி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் சித்தப்பா புரையேறும்வரை சிரித்தார். அன்றிரவே இதை மிச்சிகனில் இருந்த தன் அப்பாவுக்கு டெலிபோனில் சொன்னார். அவர் சிரிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பண்ணையிலிருந்து இரண்டு சகோதரர்கள் கப்பலேறி மிச்சிகனுக்குப் போனார்கள். ஒருவருக்குப் பெண்பிள்ளைகள் மட்டும். மற்றவரின் வழியில் வந்த சில குடும்பங்களுக்குத்தான் இப்போது உலகத்தில் அந்தப் பெயர். நெதர்லாந்திலேயே அது அற்றுப்போய்விட்டது. சித்தப்பாவின் அப்பா தச்சர், கதிரை மேசை என்று தளபாடம் செய்து ஓய்வுபெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அங்குள்ள டெலிபோன் புத்தகத்தை வாங்கித் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பாராம். வீட்டுச் சுவரில் வம்சப் படம் ஒன்று கீறித் தொங்கவிட்டிருந்தார். அந்தச் சுவரில் கடைசியாக இருந்த ஆண்பிள்ளை சித்தப்பா. லண்டன் முழுவதும் தேடிவிட்டதாகவும் இங்கே தெர்வெல்டிங்க் தான் ஒருவர்தான் என்றும் சித்தப்பா சொன்னார். "அப்ப துலைஞ்சு போனாலும் கண்டுபிடிக்கிறது லேசு" என்றார் அப்பா.

சித்தப்பாவின் அப்பா, அந்த மிச்சிகன் பெரியவர், கல்யாணத்துக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றார்கள். அம்மா அதை நம்பி முழங்காலுக்கு ஒரு போத்தல் எண்ணெய் காய்ச்சி வைத்தார். அந்த எண்ணெய் கொடுத்தனுப்ப ஆளில்லாமல் குளியலறை ஜன்னலில் வெகுநாள் இருந்தது.

சித்தியும் சித்தப்பாவும் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட்டில் இருந்தார்கள். சாப்பாடு பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான். சித்தப்பா கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொற்களில் ஒன்று 'காணும்'. போதும் என்பதற்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் காணும் காணும் என்று சொல்லச் சொல்ல அம்மா புட்டை இன்னும் அகப்பையால் போடுவார். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு என்று சித்தப்பா சில காலம் நினைத்திருந்தாராம்.

சித்தி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த பனிக்காலத்தில் ஒருநாள், சித்தப்பா கோட்டும் போடாமல் எங்கள் வீட்டுப் பின் தோட்டத்தில் நின்று தன் அப்பாவோடு டெலிபோனில் கதைத்தார். நடந்துகொண்டே கதைத்தார், பிறகு நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். சித்தி குசினித் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவி முடித்த கோப்பையையே கழுவிக்கொண்டிருந்தார். நான் மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

"அந்தப் பேர் எங்கடை பிள்ளைக்குப் பொருந்தாதாம், அக்கா. சுவரில எங்க எழுதிறதெண்டு தனக்குத் தெரியேல்லையாம்" என்றார் சித்தி. அம்மா என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்தேன்.

எனக்கு இது நியாயமான கவலையாகப் பட்டது. பிறக்கப்போகும் தங்கச்சிக்குப் பெரியவர்கள் ஏற்கனவே ஒரு நீண்ட தமிழ்ப் பெயர் பார்த்து வைத்திருந்தார்கள். அதையும் தெர்வெல்டிங்கையும் ஆங்கிலத்தில் சேர்த்து என் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். கடைசி எழுத்துகள் கோட்டைத் தாண்டி ஓரத்துக்குப் போய்விட்டன. உடனே கொப்பியைக் கொண்டுபோய்ச் சித்தியிடம் காட்டி, அந்தத் தாத்தா சொல்வது சரிதான், பெயர் அடங்கவில்லை என்று விளக்கினேன். சித்தி கொப்பியைப் பார்த்தார். ஈரக் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அம்மா என்னைப் போய் முகம் கழுவச் சொன்னார். என் முகத்தில் அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

தங்கச்சி வசந்தத்தில் பிறந்தாள். அவள் பிறந்து ஒரு மாதம் ஆகுமுன் மிச்சிகனிலிருந்து செய்தி வந்தது. பெரியவருக்கு இதயத்தில் ஆபரேஷன். சித்தப்பா போகவா வேண்டாமா என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சித்திதான் டிக்கெட் எடுத்தார், பெட்டியும் அடுக்கினார். "தகப்பன் எண்டால் போகத்தானே வேணும்" என்றார்.

பிறப்பைப் பதிய நாற்பத்திரண்டு நாள், ஆறு கிழமைதான் தவணை. சித்தப்பா திரும்பி வருவதற்குள் அது முடிந்துவிடும் போலிருந்தது. அப்பா அச்சகத்தில் லீவு போட்டுவிட்டுச் சித்தியையும் குழந்தையையும் காரில் கூட்டிப்போனார். பள்ளிக்கூட விடுமுறை, அம்மா வேலைக்குப் போயிருந்தார், அதனால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கவுன்சில் கட்டடத்தில் பதிவாளர் அம்மா ஒருவர் இருந்தார், மிகவும் தன்மையானவர். குழந்தையைப் பார்த்து இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். முன்பெயர் எழுதியாயிற்று. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். சித்தி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "மார்ட்டின்" என்றார்.

அப்பா சித்தியின் பக்கம் திரும்பினார். பதிவாளருக்கு விளங்காத எங்கள் மொழியில் மெதுவாகக் கேட்டார்.

"யோசிச்சுத்தான் சொல்லுறியோ, பிள்ளை?"

"ஓம் அத்தான். தகப்பன்ரை பேர் காணும். அதுக்கு மேல ஒருத்தரிட்டையும் நான் கேக்கேல்லை."

எனக்கு இதில் ஒன்றும் புதிதாக இல்லை. எனக்கும் அப்பாவின் பெயர்தான், அம்மாவுக்கும் அதுதான். பதிவாளர் எல்லாவற்றையும் தட்டெழுதி முடித்துத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்து வைத்த பிறகு மாற்றுவது சுலபமில்லை என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். சித்தி பதிவாளர் கொடுத்த மைப்பேனாவால் கையெழுத்து வைத்தார். வரும் வழியில் அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். குழந்தை நல்ல நித்திரை.

சித்தப்பா மெலிந்துபோய் வந்தார். பெரியவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. அன்று எல்லோரும் மேசையில் இருந்தபோது அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். பதிவு அலுவலகத்தில் ஒரு பிழை நடந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் தகப்பனின் பெயர்தான் பிள்ளையின் பின்பெயர், அந்தப் பழக்கத்தில் நான் மார்ட்டின் என்று சொல்லிவிட்டேன், உங்களுடைய மனைவி நித்திரை இல்லாமல் இருந்தவர், கவனிக்கவில்லை. முழுப் பிழையும் என்னுடையது. வேண்டுமானால் பெயர் மாற்றுவதற்கு நானே எழுதித் தருகிறேன்.

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி குழந்தையின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே பூட்டித்தான் இருந்தது. சித்தப்பா சித்தியின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"காணும், அண்ணை" என்றார். "என்ரை பேர் காணும்."

அம்மா அகப்பையோடு நின்றவர் புட்டுப் போடாமல் பாத்திரத்தை மூடினார். சித்தப்பா சொன்ன காணும் என்பதை அம்மா மதித்தது அன்றுதான். சித்தப்பா எழுந்து போய் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கதை வெம்பிளி முழுக்கப் பரவியது. உலகத்திலேயே அரிதான பெயர் ஒன்று கையில் இருக்க, லண்டனில் தெருவுக்கு ஒரு மார்ட்டின் இருக்கும்போது பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு வந்த மனுஷன் என்று கோயிலில், கடையில், கலியாண வீட்டில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கச்சியின் குடும்பப் பெயரில் பல் வைத்தியர் ஒருவர் இருந்தார், செருப்புக் கடை ஒன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் முன்னறைக்கு வரும் கூட்டம் குறைந்தது. வந்தவர்களும் அப்பா எழுதிக் கொடுத்ததை அங்கேயே நின்று தாங்களும் ஒருமுறை சரிபார்த்தார்கள். அப்பா எல்லோருடனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் தன் கையால் போன ஒன்றும் திரும்பி வந்ததில்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டார். எனக்கு அது கவலையாக இருந்தது.

தங்கச்சிக்கு மூன்று வயதானபோது மிச்சிகன் பெரியவர் லண்டனுக்கு வந்தார். முழங்கால் உண்மையாகவே மோசம்தான், கோல் ஊன்றித்தான் நடந்தார். விமானத்தில் ஒரு பெரிய பொதி கொண்டுவந்திருந்தார். எங்கள் முன்னறையில் அதைப் பிரித்தார். ஒரு சின்ன மரக் கதிரை, அவரே செய்தது. சாயும் பலகையில் தங்கச்சியின் தமிழ்ப் பெயர் முழுவதும், அதற்குக் கீழே தெர்வெல்டிங்க் என்றும் செதுக்கியிருந்தார். பலகைக்குள் அடக்குவதற்காகக் கடைசி எழுத்துகளைக் கொஞ்சம் நெருக்கியிருந்தார். நான் அதைத்தான் முதலில் கவனித்தேன். தங்கச்சி ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். சித்தி குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

சாப்பிடும்போது பெரியவர் அப்பாவின் தோளில் கையை வைத்தார். பதிவில் என்ன இருந்தால் என்ன, சுவரில் அவளைச் சரியான இடத்தில் எழுதிவிட்டேன் என்றார். பிழை யாருக்கும் வரும், நீங்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். முன்னறையில் தங்கச்சி கதிரையைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஆம், முழுக்க என் பிழைதான். எனக்கு அன்று கவனம் போதவில்லை" என்றார் அப்பா.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தக் கண்ணாடியும், இரண்டு தடவை வாசித்ததும், சித்தி சொன்னதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இல்லை அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா இடியப்பத் தட்டை என் கையில் தந்து, தாத்தாவுக்கு இன்னும் இரண்டு வை என்றார். வைத்தேன். பெரியவர் நன்றி சொன்னார்.

அன்றிரவு அம்மாவிடம் தனியாகப் போய், அப்பாவை ஒரு நல்ல வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்றேன். தன் கண்ணால் பார்த்ததையே மறந்துபோகிறார் என்றேன்.