டப்பா மண்ணும் காது போனும்

சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்றவனுக்கு ரேடியோ இன்னாத்துக்குன்னு கேப்பீங்க. மயிலாப்பூர்ல எங்க தெரு முனையில ஒரு மாடி வூடு. அவங்க ரேடியோ பாடிச்சுன்னா என் சம்சாரம் தண்ணிக் குடத்தை இடுப்புல வெச்சுக்கினு ஜன்னலாண்ட நின்னுடும். ஒரு நாளு, "உன் வழியைப் பாத்துப் போம்மா"ன்னு சொல்லி ஜன்னலைச் சாத்திட்டாங்க. வூட்டுக்கு வந்து அது குடத்தை எறக்கின சத்தத்துலயே எனக்குப் புரிஞ்சிடுச்சு.

"இருமே, உனக்கு நானே ரேடியோ பண்ணித் தரேன்."

"நீ ரிப்பேர் பண்ண சைக்கிளே ஓட மாட்டேங்குது!"

மூர் மார்க்கெட்டுல பட்டாளத்துப் பழைய சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட காதுல மாட்ற போனு, பளபளன்னு ஒரு கல்லு, செப்புக் கம்பி எல்லாம் வாங்கினேன். "கரண்டே வேணாம் நைனா. கம்பியைச் சுருட்டு, கல்லை ஊசியால தடவு. ஒரு கம்பி ஒசரத்துல, இன்னொண்ணு மண்ணுல. அவ்ளோதான்"னாரு.

ஒசரத்துக்கு முருங்கை மரம் இருந்துச்சு. மண்ணுக்குத்தான் தகராறு. அன்னிக்குத்தான் சம்சாரம் தரையைச் சாணி போட்டு மெழுகி வெச்சிருந்துச்சு. "நோண்டினே, கையை ஒடிப்பேன்!" நமக்குத்தான் மூளை ஜாஸ்தியாச்சே. மண்ணு எங்க இருந்தா இன்னா? தகர டப்பாவுல அள்ளி, கல்லு கில்லு இல்லாம சலிச்சு, வெயில்ல மொறுமொறுன்னு காய வெச்சு, கம்பியை நட்டேன். கற்பூரம் மட்டும்தான் காட்டலை.

போனை மாட்டிக்கினு கல்லைத் தடவறேன், தடவறேன், ஒண்ணியும் காணோம். வாசல்ல மச்சான் வேற.

"இன்னா மாமா, டப்பாவுல அவரை வெதை போட்டுக்கீறியா?"

தெருவே சிரிச்சுது. சம்சாரத்துக்குத் தாங்கலை. "அவங்க ஜன்னல் சாத்தினது பத்தாதா, நீ வேற என் மானத்துல மண்ணைப் போடறியா?"ன்னு டப்பாவைத் தூக்கி வெளியே வீசிடுச்சு. அது கம்பியையும் இழுத்துக்கினு போயி குழாயடிச் சேத்துல பொத்துன்னு வுழுந்துச்சு; கம்பி நுனி சேத்துல சொருகிக்கிச்சு.

என் காதுல நாதஸ்வரம்!

"யாரும் அதைத் தொடாதீங்க!"ன்னு கத்தினேன். வெயில்ல வறுத்த மண்ணு வேலைக்காவாது, ஈரமான பூமியே வேணும்னு அப்பதான் மண்டையில ஏறுச்சு. போனைக் கழட்டி சம்சாரம் காதுல மாட்னேன். மொறைச்சுக்கினே நின்னுது. அப்பால கண்ணு பெருசாச்சு. தலை மெல்ல ஆட ஆரம்பிச்சுது.

மச்சான் கையை நீட்டினான். "அக்கா, எனக்குக் கொஞ்சம் குடேன்."

"சும்மா கெட. முடியட்டும்."

நாதஸ்வரம் முடிஞ்சு நியூஸ் வந்துச்சாம். நியூஸுக்கும் தலையை ஆட்டிச்சு! அடுப்புல சோறு தீயுது, கவலையே இல்லை. அந்தக் கருகின சோத்தை நான் ராஜா கணக்கா சம்மணம் போட்டு, ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் துன்னேன்.