சேரிடமிருந்து பறித்த வகுப்பு

பயிற்சி நிலையத்தின் கணினி அறையில் இருந்த மூன்று கணினிகளையும் எங்கள் ஆசிரியர், நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடுகிறவர், வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார், பூசைப் பாத்திரத்தை மூடுவதுபோல. மன்னாரில் அப்போது சமாதான காலம். நானும் தங்கச்சியும் வங்காலையிலிருந்து பஸ்ஸில் வந்து அந்த வகுப்பில் சேர்ந்தோம். முதல் நாளே சேர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். படிக்கப்போவது சி என்ற கணினி மொழி. கடதாசியில் ஒரு பிழையும் இல்லாமல் நிரல் எழுதிக் காட்டுகிறவர்தான் துணியை விலக்கலாம். மின்சாரம் நினைத்தபோது போகிற ஊரில் அது நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிந்தது. ஆனால் பிழையொன்று அகப்பட்டால் சேருக்குக் கொண்டாட்டம். எழுதியவரை எழுப்பி நிறுத்தி, கடதாசியை உயர்த்திப் பிடித்து, வகுப்பே கேட்க வாசிப்பார்.

தங்கச்சி என்னைவிடக் கெட்டிக்காரி. வீட்டில் நான் திணறிய கணக்கையெல்லாம் அவள்தான் செய்து தருவாள். அன்றைக்கு அவள் எழுதிய நிரலில் எல்லாம் சரி; ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி மட்டும் விடுபட்டுப் போயிற்று. கணினியில் தட்டியிருந்தால் அதுவே காட்டிக் கொடுத்திருக்கும், அவளும் நொடியில் திருத்தியிருப்பாள். சேர் அதை வாசித்துக் காட்டிவிட்டு, “வங்காலையில கருவாடு காயப்போட ஆள் தேவையாம். நீர் அங்க போம்,” என்றார். வகுப்பு சிரித்தது.

மறுநாள் அவள் பஸ் ஏறவில்லை. அம்மா கெஞ்சியும் ஏறவில்லை. பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இன்னும் அங்கேதான், யாருடைய வீட்டுத் தரையையோ துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். வெளியூர் போய்ப் பட்டம் எடுத்து, கடைசியில் அதே நிலையத்தின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் சேர் அங்கே ஒப்பந்தத்தில் முதல் தவணைப் பிள்ளைகளுக்குச் சி படிப்பித்துக்கொண்டிருந்தார். புதிய பாடத்திட்டத்துக்காக ஆசிரியர்கள் கூடியபோது, முதல் மொழி சிக்குப் பதிலாகப் பைதனாக இருக்கட்டும் என்றேன். ஒரே வரியில் ஒரு நிரல் எழுதிவிடலாம். பிள்ளை தன் பெயரைத் தமிழில் தட்டி, முதல் நாளே அதைத் திரையில் தமிழிலேயே பார்க்கலாம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சொன்ன காரணங்களில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அவற்றுக்காக நான் பைதனைக் கேட்கவில்லை. சேருக்குச் சி தவிர வேறொன்றும் தெரியாது.

அவர் என் கந்தோர் அறைக்கு வந்தார். அதுவரை என்னைப் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டவர், கதிரை நுனியில் இருந்துகொண்டு, “மிஸ், இந்த வயசில இனி வேற மொழி பழகேலாது. வகுப்பும் இல்லையெண்டா வீட்டுக்குள்ள இருந்து நான் என்ன செய்யிறது?” என்றார். இரண்டாம் தவணையில் சி இருந்தது. அவருக்குக் கொடுத்திருக்கலாம். அதை ஏற்கெனவே இன்னொருவருக்கு ஒதுக்கிவிட்டிருந்தேன், வேண்டுமென்றேதான். தங்கச்சியை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையிலேயே நினைவில்லை. மனதின் மூலையில் கொஞ்சம் இரக்கம் கிடந்திருந்தால் அதுவும் அப்போது போயிற்று.

“ஏலாது சேர்,” என்றேன்.

அன்றைக்கே தங்கச்சிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பழையதையெல்லாம் ஏன் கிளறுகிறாய் என்று ஏசுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டாள்.

“சேர் அழுதவரோ?”

இல்லை என்றேன்.

“அப்ப நீ செய்தது போதாது, அக்கா.”